பார்வையாளர் நேரம் 4 முதல் 6 வரை

என் அம்மா பெங்களூரில், ஹென்னூர் தாண்டி ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தார். மறதி நோய், கூடவே சர்க்கரை, கடைசியில் படுத்த படுக்கை. அவர் போன பிறகும் எனக்கு அந்த உலகத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகள் ஒருநாள் கூப்பிட்டாள், அவள் சொல்லி இன்னொருவர், பிறகு ஒயிட்ஃபீல்டு, பன்னேர்கட்டா ரோடு என்று எங்கெங்கோ இருக்கும் இல்லங்களில் பெற்றோரை வைத்திருப்பவர்கள். பெரும்பாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, நாளைக்கு மேனேஜரைப் பார்க்கணும். கூட வர்றீங்களா?"

போகிறேன். நான் வக்கீல் கிடையாது, நர்ஸும் கிடையாது. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார எனக்கு ஒரு தகுதி உண்டு. எனக்கு அங்கே குற்ற உணர்ச்சி இல்லை.

அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் விட்ட பிள்ளை, ஆபீஸில் நூறு பேருக்கு மேலதிகாரியாக இருந்தாலும், அந்த ரிசப்ஷன் சோபாவில் பாதி ஆளாகத்தான் உட்காருகிறார். ஊரில் சித்தப்பா கேட்ட கேள்வி, பெரியம்மா கேட்காமல் விட்ட கேள்வி எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். இல்லம் நடத்துபவர்களுக்கு இது தெரியும். எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேச்சு முற்றும்போது எங்கிருந்தோ ஒரு வாக்கியம் வரும்: "வீட்டுல வெச்சுப் பார்த்துப் பாருங்க மேடம், அப்பத் தெரியும்." அவ்வளவுதான், கேட்க வந்தவர் அடங்கிவிடுவார். டயபர் மாற்றாத விஷயம் பேச வந்தவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த வாக்கியம் என்மேல் ஒட்டாது. "வீட்டுல முடியலைன்னுதானே சார் மாசம் 42,000 கட்டி இங்க விட்டிருக்காங்க. டயபர் எத்தனை மணிக்கு ஒருக்கா மாத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்க எனக்குக் கூச்சமில்லை. வேறெந்தத் திறமையும் இதற்கு வேண்டியதில்லை. உங்கள் ஓரகத்தி, ஆபீஸ் தோழி, மாடி வீட்டு மாமா யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம்.

குற்ற உணர்ச்சிக்கு அடுத்தது பயம். "நான் கேட்டுட்டு வந்துடுவேன். ராத்திரி எங்கம்மாதானே அவங்க கையில இருக்கணும்?" இதைத் தேவையில்லாத பயம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அடிப்பதும் கிள்ளுவதும் அபூர்வம். கோபம் வேறு வழியில் இறங்கும்: மணி அடித்தால் தாமதமாக வருவார்கள், சோற்றை அவசரமாக ஊட்டுவார்கள், ஒரு வார்த்தை பேசாமல் உடம்பைப் புரட்டிவிட்டுப் போவார்கள். அதனால் குறையை யார் தலையில் இறக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

இந்த இல்லங்களில் உண்மையில் கையால் வேலை செய்பவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து ஏஜென்சி மூலம் வந்த இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மேல்மாடியில் ஒரே ஹாலில் தூக்கம். நாம் குறை சொன்னால் மேனேஜர் செய்வது ஒன்றுதான்: அந்தப் பெண்ணை மாற்றிவிடுவார். அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்காது என்று தெரிந்த பெண் போய், ஒன்றும் தெரியாத பெண் வருவாள். இரவில் அந்த மாடிக்கு ஒரே ஆள் என்ற நிலை மட்டும் மாறாது. எனவே "அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கிடுறா" என்று சொல்வதை விட்டு, "ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை இந்த மாடியில எத்தனை பேர் டியூட்டி?" என்று கேளுங்கள். முதலாவதில் மாட்டுவது அந்தப் பெண். இரண்டாவதற்கு முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். அதே கடிதத்தில், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயரைப் போட்டு நன்றியும் எழுதிவிடுங்கள். அது தந்திரம் போலத் தெரியலாம், இருக்கட்டும். அந்தப் பெண்களுக்கு யாரும் எழுத்தில் நன்றி சொன்னதில்லை.

உடம்பில் அடிபட்ட தடம், கட்டிப்போட்ட தடம், பணமோ நகையோ காணாமல் போவது, இவற்றுக்கு இந்த நிதானமெல்லாம் வேண்டாம். போட்டோ எடுத்து, அன்றே வேறு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு, போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

எழுத்தில் வாங்குவது என்று சொன்னேனே, அதற்கு ஒரு உதாரணம். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். அச்சகத்தில் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம், நகரின் மேற்குப் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார். முதுகுத்தண்டு முடியும் இடத்தில் புண். கேட்டால், "வயசானா வர்றதுதான், பவுடர் போடுறோம்" என்கிறார்கள். போனோம். மேனேஜர், சிஸ்டர் இன்சார்ஜ், அவன், நான். புண்ணை முதலில் பார்த்தது எந்தத் தேதி, எந்த ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிறது? எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? எந்த மெத்தை? எந்த டாக்டர் பார்த்தார்? கேட்டது இவ்வளவுதான். பாதிக்குப் பதில் இல்லை. நாங்கள் கோபப்படவில்லை. "தேதி தெரியவில்லை" என்று அவர்கள் கண் முன்னாலேயே நோட்டில் எழுதினேன். "டாக்டர் இன்னும் பார்க்கவில்லை" என்பதையும் எழுதினேன். குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள். எழுதினால் அறையில் சத்தம் தானாகக் குறைகிறது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பிறகு பேசி முடிவானது: இரண்டு நாளில் காற்று மெத்தை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதைக் குறிக்கக் கட்டில் தலைமாட்டில் ஒரு சார்ட், சனிக்கிழமைக்குள் வெளியிலிருந்து ஒரு சர்ஜன், தினம் முட்டை வெள்ளைக்கரு. கிளம்பும் முன் நான்கையும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று உரக்கப் படித்துக் காட்டினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் அவன் அதையே மேனேஜருக்கு வாட்ஸப்பில் அனுப்பினான், மெயிலிலும் போட்டான். கடைசி வரி: "இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தெரிவிக்கவும்." பதில் வரவில்லை. பதில் வராததும் நமக்கு ஒரு ஆவணம்தான்.

சார்ட் வந்தது. முதல் வாரமே அந்தத் தம்பி ஒன்றைக் கவனித்தான். இரவு 9 மணிக்கு அவன் கிளம்பும்போதே நள்ளிரவு, 2 மணி, 4 மணிக் கட்டங்களில் டிக் போட்டாகிவிட்டது! பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற கண் வேறு. அதைப் போட்டோ எடுத்து, நேரம் தெரியும்படி, ஒரு வார்த்தை சேர்க்காமல் மேனேஜருக்கு அனுப்பினான். அதற்குப் பிறகு இரவில் ஒரு சூப்பர்வைசர் சுற்றி வர ஆரம்பித்தார். புண் ஆறப் பல மாதம் ஆனது, ஆனால் ஆறியது.

படுக்கைப் புண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பம் கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய விஷயம் இது. எடை தாங்கும் எலும்புள்ள இடங்களில் வரும்: முதுகுத்தண்டின் அடி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்மண்டை. ஆரம்பத்தில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோரின் நிறத்துக்கு அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா ஓடியோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்காமல் திரும்பி வராதீர்கள். சர்க்கரை இருப்பவர் என்றால் கால் விரல் இடுக்குகளையும் பாருங்கள். எடையை மாதா மாதம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ இருப்பவர் இரண்டரைக் கிலோ இளைத்தால், அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். "வயசாயிடுச்சு" என்ற பதில் போதாது. வாய் உலர்ந்திருந்தால் தண்ணீர் போகவில்லை. நேற்று வரை ஓரளவு பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், மறதி நோய் முற்றிவிட்டது என்று ஏற்றுக்கொள்ளும் முன் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். வயதானவர்களுக்குத் தொற்று பல சமயம் காய்ச்சலாக வராமல் குழப்பமாகத்தான் வரும்.

மாத்திரை இன்னொரு பெரிய விஷயம். என் அம்மா சாயங்காலமானால் சத்தம் போடுவார். வீட்டுக்குப் போக வேண்டும், பால் காய்ச்ச வேண்டும் என்று கதவைத் தட்டுவார். ஒரு வாரம் பார்த்தால் சத்தமே இல்லை. நாலு மணிக்குப் போனாலும் தூக்கம், ஊட்டும்போதே கண் சொருகுகிறது. "இப்ப ரொம்ப சமர்த்தாயிட்டாங்க" என்றார்கள். மாத்திரைப் பட்டியலைக் கேட்டேன். இரவில் குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து புதிதாக ஏறியிருந்தது. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் போனிலேயே சொன்னாராம்.

அந்த மாத்திரை விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும்போது அது தேவைப்படும். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. தூங்கி வழிபவர் விழுவார், புரையேறும், புரளாமல் கிடந்து புண் வரும். டாக்டரிடம் கேட்டது இவ்வளவுதான்: எதற்காக, எத்தனை நாளைக்கு, எப்போது குறைத்துப் பார்ப்பீர்கள்? அவர் நல்ல மனிதர், யாரும் கேட்கவில்லை என்பதால் யோசிக்கவில்லை. டோஸைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினார். சாயங்காலச் சத்தம் திரும்பி வந்தது. அதற்கு ஐந்து மணி வாக்கில் ஒரு முறம் நிறைய வேர்க்கடலை கொடுத்து உரிக்கச் சொன்னோம். பாதி நாள் அது வேலை செய்தது.

மருத்துவக் குறிப்புகளைக் காட்ட மாட்டோம் என்று சொன்னால் பின்வாங்காதீர்கள். நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. இல்லம் என்ன சொன்னாலும், அங்கே வந்து போகும் டாக்டரை அந்த விதி கட்டும். விதி எண்ணை எல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை; "72 மணி நேரத்துக்குள் தரணும்னு இருக்காமே சார்" என்று சாதாரணமாகச் சொன்னாலே போதும்.

கையைக் கட்டிலோடு துணியால் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சாப்பாடு செலுத்த மூக்கில் போட்ட ரைல்ஸ் டியூபைப் பிடுங்குகிறார் என்று காரணம் சொல்வார்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டலாம் என்கிறது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவோ கட்டக் கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அது மனநலச் சிகிச்சை நிலையங்களுக்கான சட்டம், எல்லா முதியோர் இல்லமும் அதற்குள் வராது. இருந்தாலும் நான் அந்த அளவுகோலையே வைத்துக் கேட்பேன்: யார் அனுமதித்தது, எத்தனை மணிக்குக் கட்டினீர்கள், எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறது? எழுத வேண்டும் என்று வந்தாலே கட்டுவது பாதி குறையும்.

பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை என்று பலகை இருக்கும். அந்த நேரத்தில் எல்லாப் பாட்டிகளும் தலை வாரி, பவுடர் பூசி, பொட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உண்மை தெரிவது காலை ஏழு மணிக் குளியலிலும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலும், இரவு எட்டரைக்கும்தான். சேர்க்கும்போதே ஒப்பந்தத்தில், குடும்பத்தில் ஒருவர் எந்த நேரமும் வரலாம் என்ற வரியை எழுதச் சொல்லுங்கள். மறுக்கும் இல்லத்தில் எவ்வளவு மார்பிள் போட்டிருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இங்கே நாற்பது வருடம் வாழ்ந்து கன்னடத்தில் கடைக்காரரோடு சண்டை போட்ட அம்மாக்கள், மறதி நோய் வந்ததும் பின்னால் கற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தமிழுக்கே திரும்பிவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்தியும் ஒடியாவும். அம்மா தாகம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவர்கள் போர்வை போத்தினார்கள். பிறகு ஒரு அட்டை எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டினோம். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், பாட்டி என்று கூப்பிட்டால் திரும்புவார். இடது காது கேட்காது. ஷவர் என்றால் பயம், வாளியும் மக்கும் போதும். ரசம் சாதம் குழைய. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய். கூடவே தண்ணீர், வலி, பசி, பாத்ரூம் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள், எதிரே இந்தி எழுத்தில். பக்கத்து வீட்டு பிகார்ப் பையன் எழுதிக் கொடுத்தான். பைசா செலவில்லாத வேலை. அம்மா அங்கே இருந்த காலம் முழுக்க நாங்கள் செய்தவற்றில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

தனியாகப் பேசுவதில் ஒரு எல்லை உண்டு. இரவில் ஆள் போதாது என்பதை ஒரு குடும்பம் போய்ச் சொன்னால் "உங்க அம்மாவுக்குத் தனி அட்டெண்டர் வெச்சுக்கோங்க, 18,000 ஆகும்" என்பார்கள். எங்கள் இல்லத்தில் நாலு மணி வராந்தாவில் சந்தித்துக்கொண்டவர்கள் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். காலை வணக்கம் கிடையாது, ஃபார்வர்டு கிடையாது, யாருடைய பெற்றோரையும் அரைகுறை உடையில் போட்டோ போடக் கூடாது. எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அந்தக் காலத்து யூனியன்காரர், மனைவிக்காகத் தினமும் வருவார். அவர்தான் கடிதம் எழுதினார். நாங்கள் பதினைந்து குறையைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தார்: இரவில் அந்த மாடிக்கு இரண்டாவது ஆள். "பதினஞ்சு கேட்டா, சாம்பார்ல உப்பைக் குறைச்சுட்டு மத்ததை மறந்துடுவான்மா" என்றார்.

இல்லத்தின் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யூனியன் ஆரம்பிக்கிறீங்களா?" என்றார். பெரியவர் நிதானமாக, "ஆமா சார். ஆனா இதுல ஸ்ட்ரைக் பண்ண முடியாது, நீங்க பயப்பட வேண்டாம்" என்றார். அறையே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை நடந்தது. மாதம் ஆளுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள், 1,000-க்கு முடிந்தது. எங்கள் நிபந்தனை, யார் யார் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலை வாரா வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். கொடுக்க வேண்டிய சேவைக்கு ஏன் மேலும் பணம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் வழக்குப் போட்டு ஜெயிக்கும் வரை அந்த மாடியில் ராத்திரி மணி அடிப்பவர்கள் காத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டாள். அவள் மாமியார் அங்கே ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறார். அங்கே குடும்பங்கள் சேர்ந்து குழு அமைக்கும் உரிமையை 1987-ஆம் வருடச் சட்டமே கொடுத்திருக்கிறது. இல்லம் இடம் ஒதுக்கித் தர வேண்டும், குழுவின் குறைகளைக் கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். அது போக, ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் ஹோம்வாசிகளுக்காகவே ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், என்று ஒரு ஏற்பாடு உண்டு. 1972-ல் சோதனையாகத் தொடங்கி, 1978-ல் எல்லா மாநிலத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். கட்டணம் இல்லை. இல்லத்துக்கே வந்து, அங்கே இருப்பவர் பக்கம் நின்று பேசுவது அவர்கள் வேலை. வங்கிக்கு நம் ஊரிலும் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் மேனேஜர் கோப்பைத் தேட ஆரம்பிப்பார். கிரெடிட் கார்டுக்கு இருக்கிற பாதுகாப்பு பாட்டிக்கு இல்லை.

நம்மிடம் இருப்பவை வேறு. எல்டர் லைன் 14567, நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. வழி சொல்வார்கள், கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் நேரில் ஆள் அனுப்பவும் செய்வார்கள். பெங்களூரில் 2002 முதல் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் மாநகரப் போலீசும் சேர்ந்து நடத்தும் 1090 முதியோர் ஹெல்ப்லைன் இருக்கிறது. இரண்டுமே பெரியவர் தானே கூப்பிட்டாலும், நீங்கள் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 2007-ல் வந்ததை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை வைத்து இல்லத்தின் மேல் புகார் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் எனக்கு வந்த ஒரு கேஸில் அதுவே பயன்பட்டது. மூன்று பிள்ளைகள், அம்மா இல்லத்தில், ஒருவனே கட்டிக்கொண்டிருந்தான், மற்ற இரண்டு பேரும் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு போனை எடுப்பதில்லை. அம்மா பேரில் அந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் மனு போட்டார்கள். கர்நாடகத்தில் உதவி ஆணையர்தான் தலைவர். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 என்ற உச்சவரம்பு உண்டு. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் வழி தருகிறது. நோட்டீஸ் போன வாரமே அண்ணன்கள் போனை எடுத்தார்கள். உச்சவரம்பைவிட, வீடு போய்விடும் என்பதில்தான் அசைந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அட்வான்ஸ் விஷயம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய ஊர் இது, அதனால் இல்லத்துக்கு 2 லட்சம் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கம்மனஹள்ளியில் ஒரு குடும்பம், சேர்த்த ஐந்தாவது வாரத்தில் பெரியவர் இறந்துவிட்டார். ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில் இருந்தது. செத்துப்போனதையும் காலி செய்ததில் சேர்த்துவிட்டார்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு பகுதி உண்டு, அளவுக்கு மீறிய டெபாசிட்டை அதில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிறகு 1915 தேசிய நுகர்வோர் எண்ணில் புகார். ஒரு மாதக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கொடுக்காமல் போயிருந்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், அங்கே வக்கீல் இருந்தால் நல்லது.

சேர்க்கும்போது கேட்க எல்லாருக்கும் நா எழாத கேள்வி ஒன்று: ராத்திரி இரண்டு மணிக்கு உயிர் போனால் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்? மருத்துவர் இறப்புக் காரணச் சான்று கொடுக்காமல் பதிவும் நகராது, சுடுகாட்டிலும் கேட்பார்கள். சில இல்லங்களில் வழக்கமான டாக்டர் வந்து எழுதுவார். சிலவற்றில் உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, பிள்ளைகளில் யார் சொல்வது இறுதி என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். இதில் அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சண்டையை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள். ஐசியூ வாசலில் அது முடியாது.

கடைசியாக எல்லாரும் கேட்பது: எப்போது இடத்தை மாற்றுவது? சாப்பாடு பிடிக்கவில்லை, ஜன்னல் இல்லை என்பதற்காக நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மறதி நோய் உள்ளவருக்குப் புது இடம் என்றால் சில வாரம் தூக்கம் கெடும், கீழே விழுவார்கள், சாப்பிட மறுப்பார்கள். ஆனால் குறிப்புகளைக் காட்ட மறுத்தால், கேள்வி கேட்டதற்காகப் பார்க்க விடாமல் தடுத்தால், கீழே விழுந்ததை மறைத்து மறுநாள் வீக்கத்தைப் பார்த்த பிறகு சொன்னால், அங்கே பேசிப் பயனில்லை. கிளம்புங்கள். மாத்திரைப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை, எடைக் குறிப்பு, அந்தத் தலைமாட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றாதீர்கள், சனி ஞாயிறு டாக்டர் இருக்க மாட்டார். புது இடத்தில் படுக்கையில் கிடத்தியதும் அங்குள்ள சிஸ்டரோடு சேர்ந்து தலை முதல் குதிகால் வரை பார்த்து, எங்கே தோல் நன்றாக இருக்கிறது, எங்கே என்ன தடம் இருக்கிறது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "அங்கிருந்தே வந்தது" என்று ஒரு மாதம் கழித்து யாராவது சொன்னால் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.